இரைச்சலும் பாடமும்: பழைய ஒலிநாடாக்களைத் திருத்துவது பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்திலே பதிப்பு என்பது நம்மிடையே ஒரு துறையாக உருவாயிற்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டிலேயே உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்து, மூலத்துக்கும் தமக்குமிடையே உள்ள எல்லையைப் பேணிக்கொள்ளும் ஒழுங்கொன்றை அம்மரபு நமக்கு விட்டுச் சென்றுள்ளது. எதனை ஏடு கூறுகின்றது, எதனைப் பதிப்பாசிரியர் ஊகிக்கின்றார் என்னும் வேறுபாடே அவ்வொழுங்கின் உயிர்நிலையாகும்.

இன்று இன்னொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே சுருள்நாடாக்களிலும் கசற்றுகளிலும் பதிவான கூத்து, நாட்டார் பாடல், இசையரங்கு, உரை, நேர்காணல் ஆகியன கணினிக் கோப்புகளாக மாற்றப்படுகின்றன. மாற்றப்படும்போதே அவை 'திருத்தப்படுகின்றன'. சீறல் நீக்கப்படுகின்றது, முரலொலி அகற்றப்படுகின்றது, குரல் துலக்கப்படுகின்றது. ஏட்டுக்கு உண்டான பதிப்பொழுக்கம் இவ்வொலிப் பிரதிகளுக்கும் உண்டா என்ற வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பி, உலகறிந்த சில ஒலித் திருத்தங்களை அதன் ஒளியில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நாடாவில் உள்ளவை

ஒலிநாடா என்பது இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் பூசப்பட்ட ஒரு பிளாஸ்ரிக் பட்டி. ஜேர்மனியில் 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியிலே 'மக்னற்றோபோன்' என்னும் நாடாப் பொறி பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகஞ் செய்தது. அதன்பின்னரே ஒலிப்பதிவு என்பது நிலையங்களின் தனியுரிமையாக இருந்த நிலை நீங்கி, ஆசிரியர், மாணவர், கிராமத்து இளைஞர் எவரும் செய்யக்கூடிய காரியமாயிற்று. நமது நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பின் பெரும்பகுதி இம்மலிவான சாதனத்தின் பேறு எனலாம்.

இத்தகைய நாடா ஒன்றை நாம் கேட்கும்போது நமது செவிக்கு எட்டுவன ஒரே தன்மையன அல்ல. அவற்றை நான்கு படைகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, பதியக் கருதிய ஒலி. இரண்டாவது, பதிவு நிகழ்ந்த இடத்தின் ஒலி: கூடியிருந்தோரின் பேச்சு, குழந்தையின் அழுகை, காற்று, நாய்க்குரைப்பு. மூன்றாவது, பொறியின் ஒலி: நாடாவுக்கே இயல்பான சீறலும் மின்னோட்டத்தால் எழும் முரலொலியும். நான்காவது, காலத்தின் ஒலி: பூஞ்சணம், கசங்கல், பூச்சு உதிர்தல் ஆகியவற்றாலும், படிக்குமேல் படியெடுத்தமையாலும் வந்து சேர்ந்தவை.

'இரைச்சல்' என்ற ஒரே சொல்லாற் பின்னைய மூன்றினையும் குறிப்பது வழக்கமாகிவிட்டது. இச்சொல்லே முதல் மயக்கத்துக்குக் காரணம் எனக் கருதவேண்டியுள்ளது. ஏட்டிலே பூச்சி அரித்த துளையும், முன்னொரு வாசகர் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பும் ஒன்றாகா. துளை இழப்பு, குறிப்பு சான்று. ஒலிநாடாவிலோ இவையிரண்டும் ஒரே கூடையிற் கொட்டப்படுகின்றன.

2. இருவகைத் திருத்தம்

திருத்தம் எனப்படுவதனுள்ளும் இருவேறு செயல்கள் அடங்கியுள்ளன. நாடாவில் உள்ளதை முழுமையாக வெளிக்கொணர்தல் ஒன்று. வெளிக்கொணர்ந்ததிலிருந்து சிலவற்றைக் கழித்தலும் சிலவற்றைக் கூட்டுதலும் மற்றொன்று. முன்னையதை மீட்பு என்றும் பின்னையதைப் புனைவு என்றும் வசதி கருதி வேறுபடுத்தலாம்.

மீட்பு பெரும்பாலும் கணினிக்கு முன்னரே நடைபெறுவது. கசற்றில் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. செக்கனுக்குப் பத்தாயிரம் முறை அதிரும் ஒலியொன்று அவ்வேகத்தில் நாடாவிலே எடுத்துக்கொள்ளும் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கிலுங் குறைவானது. ஆகவே, நாடாவைப் படிக்கும் தலை சிறிது சாய்ந்திருப்பினும் உயர்ந்த அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஒலி மங்கிவிடுகின்றது. பதிந்த பொறியின் தலை எவ்வாறு சாய்ந்திருந்ததோ அவ்வாறே படிக்கும் பொறியின் தலையையும் சாய்த்து வைத்தால் மங்கிய ஒலி தெளிவடையும். இங்கு எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. நாடாவில் இருந்ததே கிடைக்கின்றது. இச்சிறு வேலையைச் செய்யாது படியெடுத்துவிட்டுப் பின்னர் மென்பொருளால் உயர்ந்த அதிர்வுகளை ஏற்றிக் கூட்டுவோர், கிடைக்கக்கூடிய பாடத்தைப் படிக்காமல் விட்டுவிட்டு அதற்குப் பதிலாக ஊகத்தை எழுதுவோராவர்.

டொல்பி முறையும் இவ்வாறானதே. 1968 முதல் வீட்டுப் பாவனைக்கு வந்த 'டொல்பி பி' முறையில், மெல்லிய உயர் அதிர்வுகள் பதியும்போது வேண்டுமென்றே உயர்த்தப்பட்டு, கேட்கும்போது அதேயளவு தாழ்த்தப்படும். அம்முறையிற் பதிந்த நாடாவை அதனைக் கருதாது இயக்கினால் சீறல் மிகும். அச்சீறலை மென்பொருளால் நீக்க முயல்வது, பூட்டுக்குரிய திறப்பு கையில் இருக்கவே கதவை உடைப்பதற்கு ஒப்பாகும்.

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் 2004இல் வெளியிட்டு 2009இல் திருத்திய வழிகாட்டி இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மூலத்தின் குறிகையை இயன்றவரை சிறந்த முறையில் எடுத்தல் வேண்டும்; எடுத்ததைத் திருத்தாது காப்புப்படியாகப் பேணுதல் வேண்டும்; திருத்தங்கள் யாவும் வேறொரு படியிலேயே செய்யப்படல் வேண்டும் என்பதே அதன் சாரம். செக்கனுக்கு 96,000 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 24 பிற் என்னும் அளவில் ஒரு மணித்தியால இருதட ஒலி ஏறத்தாழ இரண்டு கிகாபைற் இடத்தைக் கொள்ளும். ஒருகாலத்தில் இது பெருஞ் செலவாக இருந்திருக்கலாம். இன்று ஒரு மாணவரின் சட்டைப்பையிற் கிடக்கும் சேமிப்புக் குச்சியிலே பல மணித்தியாலங்கள் அடங்கிவிடும். இடமில்லை என்னும் சமாதானம் இனிச் செல்லாது.

3. வேகமும் சுருதியும்

மீட்பின் இயல்பை விளக்க மைல்ஸ் டேவிசின் 'கைன்ட் ஒஃப் புளூ' என்னும் ஜாஸ் இசைத்தட்டு தக்க எடுத்துக்காட்டாகும். 1959ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதியும் ஏப்ரல் 22ஆந் திகதியும் நியூயோர்க்கில் அது பதிவாயிற்று. முதல் நாள் அமர்விலே பதிவுப் பொறி சற்றே மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் இயக்கும்போது சுருதி உயரும் என்பது யாவரும் அறிந்ததே. இதன் பயனாக, இசைத்தட்டின் முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் ஏறத்தாழ அரைச்சுரத்தின் பாதியளவு உயர்ந்து ஒலித்தன. ஜாஸ் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற இசைத்தட்டுகளுள் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே உலகெங்கும் கேட்கப்பட்டது. அதனுடன் சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் தம் வாத்தியத்தின் சுருதியையே ஐயுற்றிருத்தல் கூடும். 1992இல் வெளிவந்த மறுபதிப்பிலேயே இது சீர்செய்யப்பட்டது.

இத்திருத்தத்தை நாம் ஏன் ஏற்றுக்கொள்கின்றோம்? அது கேட்பதற்கு இனிமையாயிருப்பதனாலன்று. அன்றைய அமர்விலே பாதுகாப்புக்கென இரண்டாவது பொறியொன்றும் ஓடியது. அது சரியான வேகத்தில் ஓடியது. அதாவது, ஒரே மூலத்துக்கு இரு பிரதிகள் இருந்தன. ஒன்றை மற்றொன்றுடன் ஒப்புநோக்கியே பிழை உறுதிப்படுத்தப்பட்டது. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் செய்தது இதுவேயன்றோ?

நமது களப்பதிவுகளுக்கு இரண்டாம் பொறி இருந்ததில்லை. எனினும் வேறொரு சான்று உண்டு. அது நாம் அகற்ற விரையும் முரலொலியே. இலங்கையில் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. மின்னிணைப்பிற் பதிந்த நாடாவிலே அம்முரலொலி 50இலும் அதன் மடங்குகளிலும் நிற்றல் வேண்டும். அது 53இல் நின்றால் நாடா ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கின்றது எனத் துணியலாம். 50இல் ஒன்றும் 52இல் ஒன்றுமாக இரு முரலொலிகள் கேட்பின், நம்முன் இருப்பது மூலநாடா அன்று, படியெடுக்கப்பட்ட நாடா எனவும், இடையே வேகம் பிறழ்ந்தது எனவும் ஊகிக்கலாம். மின்கலத்தால் இயங்கிய பொறியாயின் இச்சான்று கிட்டாது. ஆனால் மின்கலம் சோரச் சோரப் பொறி மெதுவாகி, நாடாவின் முடிவை நோக்கிச் சுருதி படிப்படியாக ஏறிச் செல்லும் கோலம் அங்கு தென்படும்.

அண்ணாவியார் ஒருவர் எந்தச் சுருதியிற் பாடினார், எந்தக் கதியில் ஆட்டம் நடந்தது என்பன பற்றி ஆய்வேடு எழுதுவோருக்கு இது சிறிய விடயமன்று. முரலொலியை முதலிலே நீக்கிவிட்ட கோப்பு கைக்கு வந்தால், வேகத்தை அளக்கும் கோலையே எறிந்துவிட்டு நீளத்தைப் பற்றி வாதிடும் நிலைக்கு நாம் ஆளாவோம்.

4. கழித்தலின் விலை

இரைச்சலைக் கழிக்கும் மென்பொருள்களின் அடிப்படைகளுள் ஒன்று எளிமையானது. பேச்சோ பாட்டோ இல்லாத ஒரு கணத்தை எடுத்து, அங்குள்ள ஒலியின் கோலத்தை இரைச்சல் எனக் கொண்டு, பதிவு முழுவதிலுமிருந்து அக்கோலத்தைக் கழித்தல். ஸ்ரீவன் போல் 1979இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையைப் பேச்சொலிக்கு வகுத்துக் காட்டிய முன்னோடி ஆக்கமாகும். கழித்தல் மிகுமிடத்துத் துணுக்குத் துணுக்கான இன்னொலிகள் நீருக்கடியிலிருந்து எழுவன போன்று எஞ்சி நிற்கும் என்பதும் தொடக்கத்திலிருந்தே அறியப்பட்டதொன்று.

இம்முறை ஓர் எடுகோளின்மீது நிற்கின்றது. மாறாது நிற்பது இரைச்சல். மாறிக்கொண்டிருப்பது பொருள் என்பதே அவ்வெடுகோள். தொலைபேசிப் பேச்சுக்கு இது பொருந்தும். கர்நாடக இசைக்குப் பொருந்துமா? அங்கு மாறாது நிற்பது தம்புரா. பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் எஞ்சியிருப்பது தம்புராவின் நாதமே. அவ்விடைவெளியை இரைச்சலின் மாதிரியாகக் கொள்ளும் மென்பொருள், இசைக்கு ஆதாரமான சுருதியையே குற்றமாகக் கண்டு கழிக்கின்றது. கருவி பிழை செய்வதில்லை; கருவிக்குக் கற்பிக்கப்பட்ட 'பொருள்' என்னும் கருத்தே இவ்விசைக்கு அந்நியமானது.

பேச்சிலும் இவ்வாறான இழப்புண்டு. நாடாவின் சீறலும் சகர, ஸகர ஒலிகளும் அதிர்வுப் பரப்பிலே அயல்வாசிகள். சீறலை வலிந்து நீக்கினால் இவ்வொலிகள் மழுங்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'காற்று', 'வெற்றி' என்பவற்றின் இரட்டை றகரம் நுனியண்ணத்தில் தடைப்பட்டு வெடிக்கும் ஒலி. அவ்வெடிப்பு கணநேரமே நிற்பது. நாடாவின் சொடுக்கொலிகளை நீக்கும் மென்பொருள் தேடுவதும் அத்தகைய கணநேர வெடிப்புகளையே. மிகைப்பட இயக்கினால் இரண்டையும் அது வேறுபடுத்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிரதேச வழக்கை ஆராய்வோர் பேச்சொலியின் நுணுக்கங்களுக்காகவே பழைய நாடாவை நாடுகின்றனர். அந்நுணுக்கங்களே முதற் பலியாகின்றன.

கூத்துப் பதிவுகளின் நிலை இன்னும் சிக்கலானது. ஈழத்துக் கூத்து வட்டக்களரியில் மக்கள் சூழ நின்று ஆடப்படுவது. மத்தளம், சல்லரி, சதங்கை, பிற்பாட்டுக்காரரின் கூட்டொலி, பார்ப்போரின் ஆரவாரம் ஆகிய யாவும் சேர்ந்த நிகழ்வே கூத்து. பாட்டின் சொற்களை மட்டும் பொருளாகவும் ஏனையவற்றை இடையூறாகவும் கொள்வது, அவைக்காற்று கலையை இலக்கியப் பிரதியாகக் குறுக்கிவிடுவதாகும். இத்தகைய கசற் ஒன்றின் இரு கோப்புகளை ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஒன்று திருத்தப்படாதது, மற்றையது 'துப்புரவு' செய்யப்பட்டது. பின்னையதில் வரவுத்தருவின் சொற்கள் சற்றே தெளிவாகக் கேட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் சல்லரியின் நீளும் ஓசை அடியோடு அறுந்திருந்தது. சதங்கை காணாமற் போயிருந்தது. நகைச்சுவைக் கட்டத்தில் எழுந்த சிரிப்பு யாரோ வாயைப் பொத்தினாற்போல் நின்றுபோயிற்று. சொல் இருந்தது, ஆட்டம் இல்லை, ஊர் இல்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிலே பேராதனையில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலிவதை (1968) ஆகியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய நிகழும் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்பச் செம்மை செய்தார். அச்செம்மையாக்கத்தின் நன்மை தீமைகள் பற்றி நமது விமர்சகர்கள் நீண்டகாலம் விவாதித்துள்ளனர். அவ்விவாதம் நிகழ முடிந்தமைக்குக் காரணம், செம்மையாக்கம் வெளிப்படையாகச் செய்யப்பட்டமையும், ஊரிலே மூலக்கூத்து தொடர்ந்து ஆடப்பட்டமையுமாகும். ஒலித்திருத்தமும் ஒரு செம்மையாக்கமே. ஆனால் அது ஓசையின்றி நடந்துவிடுகின்றது. மூலநாடா பூஞ்சணம் பிடித்து எறியப்பட்ட பின்னர் விவாதிப்பதற்கு எதுவும் எஞ்சாது.

5. இரைச்சலே சான்றாதல்

நாடாவிற் பொருளற்றது எனத் தோன்றுவது எத்துணைப் பொருளுடையதாகலாம் என்பதற்கு அமெரிக்க அரசியல் வரலாறு தரும் உதாரணம் நன்கறியப்பட்டது. ஜனாதிபதி நிக்சன் 1972ஆம் ஆண்டு ஜூன் 20ஆந் திகதி தமது தலைமை அலுவலருடன் உரையாடிய நாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சு இல்லை. வெறும் முரலொலியே உண்டு. நீதிமன்றத்தின்பொருட்டு அதனை ஆராய்ந்த நிபுணர் குழு, அந்த முரலொலியின் இடையே பொறி நிறுத்தப்பட்டதும் மீள இயக்கப்பட்டதுமான தடயங்களைக் கண்டு, குறைந்தது ஐந்து தடவையேனும் அழிப்பு நிகழ்ந்தது என 1974இல் அறிக்கையிட்டது. ஒரேயொரு தற்செயலான தவறு என்னும் விளக்கம் அதனால் வலுவிழந்தது.

பின்னர் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் அழிந்த பேச்சை மீட்க இயலுமா எனச் சோதித்து, இயலாது என 2003இல் முடிவு செய்தது. இவ்விரு முடிவுகளையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். 'இரைச்சல்' தன் கதையை முழுமையாகச் சொல்லிற்று. இழந்த பேச்சோ எந்த நுட்பத்துக்கும் பிடிபடவில்லை. சான்று எங்குள்ளது, எங்கில்லை என்பதை அறிந்து அவ்வெல்லையில் நின்றுகொண்ட நேர்மையே இங்கு பாராட்டத்தக்கது.

6. பிரித்தலும் இட்டுநிரப்பலும்

அண்மைக் காலத்து நிகழ்வுகளுள் அதிகம் பேசப்பட்டது 2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி வெளிவந்த பீற்றில்ஸ் குழுவினரின் 'நௌ அன்ட் தென்' பாடலாகும். எழுபதுகளின் பிற்கூற்றில் ஜோன் லெனன் தம் வீட்டிலே பியானோவுடன் பாடிக் கசற்றில் விட்டுச் சென்றது அது. 1995இல் எஞ்சிய மூவரும் அதனை முழுமையாக்க முயன்று கைவிட்டனர். முரலொலி மிகுந்திருந்தமையும், குரலையும் பியானோவையும் பிரிக்க முடியாதிருந்தமையும் அதற்குக் காரணங்களாயின. பீற்றர் ஜக்சன் 2021இல் வெளியிட்ட ஆவணத் திரைப்படத்துக்கென உருவான இயந்திரக் கற்றல் நுட்பம், பின்னர் லெனனின் குரலைத் தனியே பிரித்தெடுத்துத் தந்தது.

இப்பாடலைக் கேட்போர் எவரும் குரலின் தெளிவைக் கண்டு வியவாதிரார். ஆயினும் வியப்பு மதிப்பீடாகாது. இங்கு மூன்று செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்ந்துள்ளன. நாடாவில் உள்ள குரலைப் பிரித்தமை முதலாவது. அதனைச் சூழப் புதிய இசையைப் படைத்தமை இரண்டாவது. லெனனின் மூலப்பதிவில் இருந்த ஒரு பகுதியை விட்டுவிட்டமை மூன்றாவது. பொறியைப் பற்றியே உலகம் பேசியது. ஆனால் பாடலின் பொருளையும் வடிவையும் பெரிதும் மாற்றியது அம்மூன்றாவது செயலே. அதனைச் செய்தது பொறியன்று, மனிதரின் தெரிவு. விமர்சகர் நோக்க வேண்டிய இடம் அதுவாகும்.

இருப்பினும் இதனைக் குற்றமென யாம் கொள்ளவில்லை. ஏனெனில் அது புதிய பாடலாகவே வெளிவந்தது. எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆக்கியோர் மறைக்கவுமில்லை. பழைய கதையை எடுத்துப் புதிய காவியஞ் செய்யும் கவிஞரை மூலத்தைச் சிதைத்தார் என எவரும் பழிப்பதில்லை. அதே செயலை ஆவணம் என்ற பெயரிற் செய்தால் மட்டுமே குற்றமாகும்.

இதனினும் அச்சந் தருவது இன்னொரு வகை. குரல் மங்கிய இடத்தில், அங்கு எவ்வொலி இருந்திருக்கக்கூடும் எனக் கணித்துப் புதிதாக ஒலியை ஆக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது எளிதிற் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலம் முதலான பெருமொழிகளின் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்டவை. மட்டக்களப்புக் கிழவியொருத்தியின் ஒப்பாரியில் ஒரு சொல் தேய்ந்துபோயிருப்பின், அத்தகைய பொறி அங்கு வைப்பது அவள் குரல் போன்ற ஓர் ஒலி, அவள் குரலன்று. விம்மலை அது மூச்சிரைப்பு எனக் கருதி நீக்கவும் கூடும். கேட்போருக்கோ தையல் தெரியாது. துளை தெரிகின்ற பிரதியைவிடத் துளை தெரியாது அடைக்கப்பட்ட பிரதி ஆபத்தானது.

புறநானூற்றை எண்ணிப் பார்ப்போம். அதன் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைத்தில. இன்னும் பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. பதிப்பாசிரியர்கள் அவ்விடங்களைப் புள்ளியிட்டு விட்டனர். அவற்றை நிரப்பும் புலமை சாமிநாதையருக்கு இல்லாமற் போகவில்லை. சங்கச் செய்யுளின் சொல்லும் யாப்பும் அவருக்குக் கைவந்தவை. நிரப்பக்கூடியவர் நிரப்பாது விட்டமையே பதிப்பொழுக்கம். அப்புள்ளிகளின் காரணமாகவே எஞ்சிய அடிகளை நாம் நம்புகின்றோம்.

7. சில முடிபுகள்

மேற்கூறியவற்றை ஏற்பதனால், திருத்திய பிரதிகளே வேண்டா என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. தூய்மைவாதம் பேசுவோர் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. அப்பதிவுகள் ஆய்வாளருக்கு மாத்திரம் உரியனவல்ல. தம் தந்தையின் குரலைக் கேட்க விரும்பும் மகளுக்கும், தம் ஊர்க் கூத்தை மீண்டும் பயில விழையும் இளைஞருக்கும் அவை உரியன. செவிப்புலன் குன்றிய முதியவருக்குச் சீறல் நிறைந்த மூலத்தைக் கொடுத்து, இதுவே உண்மை எனக் கூறுவது ஈவிரக்கமற்ற செயலாகும். அறிஞருக்கு மூலபாடப் பதிப்பும் மாணவருக்கு எளிய பதிப்பும் வெளியிடுவது அச்சுலகில் வழக்கமே. ஒலியுலகிலும் அவ்வாறு செய்யலாம். எளிய பதிப்பு தன்னை மூலபாடம் எனச் சொல்லிக்கொள்ளாதிருத்தலே நிபந்தனை.

எனவே நமது சூழலிற் சாத்தியமான ஒரு நெறியைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம். மூலநாடாவினின்றும் நேரே, தலையின் சாய்வையும் வேகத்தையும் இயன்றவரை சரிசெய்து, எவ்வித கழித்தலுமின்றி எடுக்கப்பட்ட ஒரு காப்புப்படி இருத்தல் வேண்டும். நாடாவின் வகை, அதன் உறையில் எழுதப்பட்டிருந்தவை, எப்பொறியில் இயக்கப்பட்டது, எங்கு நாடா அறுந்திருந்தது என்பன உடன் குறிக்கப்படல் வேண்டும். திருத்திய படிகள் எத்தனையும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் எது நீக்கப்பட்டது, எம்மென்பொருளால், யாரால் என்பது கூறப்படல் வேண்டும். கழித்தெடுத்த 'இரைச்சலை' மட்டும் தனியே ஒருமுறை கேட்டுப் பார்ப்பது யாவருக்கும் இயலும் எளிய சோதனையாகும். அதனுள்ளே மத்தளமும் மூச்சும் கேட்குமாயின் கழித்தல் எல்லை மீறியது எனத் தெரிந்துகொள்ளலாம். பொறி புதிதாக ஆக்கிய ஒலி எதுவும் ஆவணத்துள் நுழைதலாகாது; நுழைந்தால், எவ்விடத்தில் என்பது புள்ளியிட்டுக் காட்டப்படல் வேண்டும்.

இவற்றை நிறைவேற்றப் பெருஞ் செல்வம் தேவையில்லை. 2005இல் நூலகத் திட்டம் தொடங்கியபின் ஈழத்து அச்சேடுகளை எண்ணிமப்படுத்தும் உணர்வு நம்மிடையே வேரூன்றியுள்ளது. அங்கே பக்கத்தில் உள்ள கறையையும் கிழிவையும் உள்ளவாறே படம்பிடிப்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கின்றோம். கிழிந்த பக்கத்தில் எவரேனும் தாமாகச் சொற்களை எழுதிச் சேர்த்தால் கொதித்தெழுவோம். செவிக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்டபோது எமக்கு மூலங்களின் அருமை தெரிந்தது. தீயால் வரும் அழிவு கண்ணுக்குத் தெரிவது. அதற்காகக் கண்ணீர் வடிக்கலாம், கண்டனம் எழுதலாம். துப்புரவு என்ற பெயரில் வரும் அழிவு அத்தகையதன்று. அது நன்றியுடன் வரவேற்கப்படுவது, கேட்பதற்கு இனிமையானது. எழுத்தறியாக் கலைஞர் பலர் இவ்வுலகில் விட்டுச் சென்ற ஒரே கையொப்பம் அந்நாடாக்களில் உள்ள குரலேயாகும். அவர்கள் எமக்குப் பாடிக் காட்டினார்கள். எமது வசதிக்கேற்பப் பாடவில்லை. அவர்களுடைய ஒலியை அதன் மூச்சோடும் களரியோடும் அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதே ஒலிநாடாவைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரினதும் முதற்கடனாகும். இனிமையாக்கும் பணி அதன் பின்னரே தொடங்கலாம்.